பெலிக்ஸுக்குச் சோறு வந்தாச்சுங்க

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்ல மாட்டேன். எழுதவும் மாட்டேன். வாயால் சொன்னால்தான் ஆகாது, பேனாவால் எழுதினால் ஒன்றும் ஆகாது என்று வீட்டில் கேலி பேசுகிறார்கள். பேசிக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் காப்பாற்றியதை இந்தக் கடைசியில் விட்டுவிடுவேனா? தைப்பூசத்துக்குக் காவடி போகிற மலையில், கோவணத்தோடு ஆண்டியாக நிற்கிறாரே முருகன், அவர் பெயர்தான். அந்த ஊர்ப் பஞ்சாமிர்தத்தைக்கூட 'மலைப் பிரசாதம்' என்றுதான் சொல்லிப் பழக்கம். இவ்வளவு சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நான் எழுத வந்தது என் வீட்டுக்காரரைப் பற்றி அல்ல. அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் டைம்கீப்பரைப் பற்றி. அவருக்கும் அதே பெயர். அதனால் அவர் பெயரையும் எழுத எனக்கு வழியில்லை. டைம்கீப்பர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவர்கள் இரண்டு பேர் மட்டுமா? அறுபதுகளில் திருப்பூர்ப் பக்கம் எந்தக் கம்பெனி வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் பாதி ஷெட் வெளியே வந்துவிடும். பிள்ளை பிறந்தால் அந்த மலையில் மொட்டை, அந்தச் சாமி பெயரே பெயர். எங்கள் ஜனத்துக்கு வேறு யோசனையே கிடையாது. அந்தக் கம்பெனியில் முதலாளி ஒருவர், டைம்கீப்பர் ஒருவர், நிட்டிங் ஷெட்டில் ஒன்பது பேர், ஆகப் பதினோரு பேருக்கு அந்தப் பெயர்.

டைம்கீப்பர் ஆள் ஒல்லி. காக்கி அரை டவுசர், முழங்கால் வரை சாக்ஸ், நெற்றியில் மூன்று பட்டை விபூதி. இந்தக் கோலத்தை முதலில் பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்திருக்கும், நான் பார்த்த நேரம் அப்படி இல்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இத்தாலி வரை போய் வந்தவர். அங்கிருந்து வரும்போது ஓர் எனாமல் குவளையும், அட்டை பிய்ந்த தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்றும் கொண்டு வந்தார். அகராதியின் கடைசியில் பத்துப் பதினைந்து பக்கம், வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள் இருந்தன. எந்தப் பெயர் எந்தப் பாஷையில் பிறந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்றெல்லாம் போட்டிருக்கும். அந்தப் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன.

அந்தப் பக்கங்களிலிருந்துதான் அவர் ஒன்பது பேருக்கும் பெயர் வைத்தார். கிரேக்கப் பெயர், ரோமாபுரிப் பெயர். மற்றதைத் தொட மாட்டார்.

அறுவடைக் காலம் வந்தால் லீவு கேட்டு ஊருக்கு ஓடுகிறவனுக்கு ஜார்ஜ். "ஜார்ஜுன்னா கிரேக்கத்துல வெவசாயிங்க. நம்ம தம்பிக்கு எத்தனை பொருத்தம் பாருங்க" என்பார். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்குகிற ஒருவன் இருந்தான். அவனுக்குக் கிரகரி. அப்படியென்றால் விழித்திருப்பவன் என்று அர்த்தமாம். "பேராவது முழிச்சிருக்கட்டுமுங்க" என்பார். அலெக்சாண்டருக்குப் பெரிய சண்டை. மூன்று பேருக்கு அது வேண்டும். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில், நாயைக் கண்டால் சைக்கிளை விட்டுவிட்டு ஓடுகிற நோஞ்சான் ஒருத்தனுக்கு அது விழுந்தது. மற்ற இரண்டு பேரும் பிலிப், விக்டர் என்று சமாதானமானார்கள். முதலாளிக்கு நீரோ என்று வைக்கச் சொல்லி ஆட்கள் காதோடு காதாகக் கேட்டார்களாம். "அது வேண்டாமுங்க கண்ணு. அந்தப் பேரு வெச்சா ஊரு எரிஞ்சு போயிரும்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம்.

கம்பெனி மேஸ்திரி ஒருநாள் அவரை மறித்து, "ஏனுங்க, எல்லாத்தையும் கிறிஸ்து வேதத்துக்கு மாத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"இதெல்லாம் அதுக்கும் முந்தி இருந்த ஜனங்க பேருங்க. அவங்க கும்பிட்ட சாமிக்கெல்லாம் இப்பக் கோயிலே இல்லீங்க. அதனால எந்தச் சாமியும் நம்மகிட்டச் சண்டைக்கு வராது" என்றாராம் டைம்கீப்பர்.

சரி, உங்களுக்கு என்ன பெயர் என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவார். "கூப்படறவனுக்கு எதுக்குங்க பேரு? குரல் இருந்தாப் போதுமுங்க."

கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டாகத் தெரியும். பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கும் என் மாமியாருக்கும் அப்படித் தெரியவில்லை. இந்தப் பெயர் வைக்கிற காரியம் எங்கள் வீட்டு இழவிலிருந்து தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியும்.

அப்போது நான் மடத்துக்குளம் பக்கத்தில் மாமனார் வீட்டில் இருந்தேன். மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. வீட்டுக்காரர் மட்டும் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தார். ஒருநாள் காலை மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார், அவ்வளவுதான். தபாலாபீஸுக்கு ஆளை ஓட்டித் தந்தி கொடுத்தோம். அப்பா இறந்துவிட்டார், உடனே புறப்படு.

தந்தி ஒழுங்காகத்தான் போனது. டைம்கீப்பர் அதை வாங்கி, ஷெட் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்டதோ, முதலில் ஓடி வந்தவன் வேறொருவன். அவனுக்கும் அதே பெயர், அவன் ஊரும் மடத்துக்குளம் பக்கம். தந்தி கொடுத்த தபாலாபீஸின் பெயர்கூடச் சரியாகப் பொருந்திவிட்டது. இவர் படித்துச் சொன்னதும் அவன் தரையில் விழுந்து புரண்டு அழுதான். மாலையும் கோடித் துணியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். அழுதுகொண்டே ஊரில் போய் இறங்கினால், அவன் அப்பன் வேலியோரம் நின்று ஆடு ஓட்டிக்கொண்டிருக்கிறார். "யாருக்குடா மாலை?" என்று கேட்டாராம். அவன் அந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு, கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதானாம்.

இங்கே நாங்கள் காத்திருந்தோம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு ஆள் ரோட்டுக்குப் போய் நின்றது. மதியம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே மகன் இருந்தும், பங்காளி முறையில் ஒருவர்தான் கொள்ளி வைத்தார். மறுநாள் மதியம், மாலை வாங்கியவன் திரும்பிப் போய்ச் சொல்லித்தான் என் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தது. அவர் வந்தபோது சாம்பலில் பால் தெளித்தாகிவிட்டது. அவர் அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, "என்னைக் கூப்பிடலியே, யாருமே என்னைக் கூப்பிடலியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கருமாதி அன்றைக்கு டைம்கீப்பர் எங்கள் ஊருக்கு வந்தார். நான் அவரை முதலில் பார்த்தது அன்றுதான். அரை டவுசரோடு வெயிலில், வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். என் மாமியார் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"அந்தாளு மூஞ்சியில இந்தச் சென்மத்துல முழிக்க மாட்டேன். போகச் சொல்லு அம்மிணி."

நான் வெளியே போய், "அத்தை போகச் சொல்றாங்க" என்றேன். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். எனக்கும் ஆத்திரம், கொடுக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே பஸ் ரோட்டுக்கு நடந்தார். மூன்று மைல்.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடிவைத்தார். இனி எந்தச் செய்தியும் தந்தியில் வர வேண்டாம், எல்லாரும் என் கண் முன்னாலேயே இருங்கள் என்றார். அதே நேரத்தில்தான் கம்பெனியில் அகராதி வெளியே வந்தது.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே புதுப் பெயரை வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு டைம்கீப்பர் வைத்தது பெலிக்ஸ். ரோமாபுரிப் பெயர். அர்த்தம் என்னவென்று பக்கத்தில் நின்ற ஜார்ஜ் கேட்டான். அதிர்ஷ்டக்காரன் என்றார் டைம்கீப்பர்.

என் வீட்டுக்காரர் அவர் மேஜையை ஒரு தள்ளுத் தள்ளினாராம். மைக்கூடு உருண்டு ஹாஜர்ப் புத்தகமெல்லாம் மை.

"அப்பனுக்குக் கொள்ளி வெக்க முடியாதவனுக்கு அதிர்ஷ்டக்காரன்னு பேரா? நக்கலுங்களா?"

"நக்கல் இல்லீங்க கண்ணு. இனிமேலாவது அப்படி ஆகோணும்னு வெச்சது."

"எம் பேரு எங்கப்பன் வெச்சது. அது போதும் எனக்கு. நீங்க வெச்ச பேருக்கு நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே திரும்பவில்லை. தினமும் காலையில் ஷெட் வாசலில் ஹாஜர் எடுக்கும்போது டைம்கீப்பர் வரிசையாகக் கூப்பிடுவார். ஜார்ஜ், இருக்கேனுங்க. கிரகரி, ஒரு கொட்டாவியோடு இருக்கேனுங்க. பெலிக்ஸ் என்றதும் ஒரு சத்தமும் இராது. டைம்கீப்பர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஆள் எதிரேயே நிற்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே குறித்துக்கொள்வார். எட்டு மாதம் இப்படியே போனது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் தொல்லை விட்டது. அவர் கூப்பிடவே இல்லை. சரியான பிடிவாதக்காரர். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதே கூத்து என்னிடமும் நடந்தது. பெண்களெல்லாம் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய் கேட்டில் கொடுப்போம். யாரும் புருஷன் பெயரைச் சொல்ல முடியாது. "எங்க ஊட்டுக்காரருக்குங்க" என்று எல்லாரும் ஒரே பாட்டு. முன்பெல்லாம் போசி மாறி மாறிப் போகுமாம். ஒருத்தி ஆசையாக வைத்த கோழிக் குழம்பை வேறொருவன் தின்றுவிட்டு, அவன் பாட்டுக்கு உப்புக் குறைச்சல் என்றும் சொல்லி அனுப்பி, இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. டைம்கீப்பர் பனியன் வெட்டின துண்டுத் துணியை நாடாவாகக் கிழித்து, சாயம் போகாத மையால் ஒவ்வொரு பெயராக எழுதி, போசிக் காதில் கட்டிவிட்டார். நாங்கள் வாயையே திறக்க வேண்டாம். போசியைப் பார்ப்பார், உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்.

"பெலிக்ஸுக்குச் சோறு வந்தாச்சுங்க!"

இவர் எழுந்து வர மாட்டார், ஜார்ஜ்தான் எடுத்துப் போய்க் கொடுப்பான். சாயங்காலம் போசி வீட்டுக்கு வந்ததும் மாமியார் அந்த நாடாவைக் கத்தரிக்கோலால் நறுக்கி அடுப்பில் போடுவார். மறுநாள் நாடா இல்லாத போசியோடு போய் நிற்பேன். அவர் டிராயரைத் திறந்து, எழுதி வைத்திருக்கிற இன்னொரு நாடாவை எடுத்துக் கட்டுவார். தினமும் நறுக்கல், தினமும் கட்டு. ஒருநாள் எனக்கே மனம் கேட்காமல், "எதுக்குங்க இந்த வீண் பாடு? விட்டுருங்க" என்றேன்.

"அம்மிணி, ஒருக்கா ஆளு மாறிப் போச்சு. இன்னொருக்கா மாறக்கூடாதுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்கிருந்த கோபம் மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது. வீட்டில் அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் பெண் சரசுவுக்குத் தொண்டையில் வந்தது.

அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. இரண்டு நாள் காய்ச்சல். சளி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின், மூச்சு இழுக்கும்போது சேவல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. உதடு நீலம் பாரித்தது. மாமியாரும் நானும் குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதியத்துக்குக் கட்டி வைத்திருந்த தூக்குப்போசியைப் பதற்றத்தில் எதற்கென்றே தெரியாமல் மாமியார் கையில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்.

டாக்டரம்மா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். தொண்டை அடைப்பான், உள்ளே சவ்வு மூடிக்கொண்டு வருகிறது என்றார். "கழுத்துல சின்னதா ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விட வைக்கணும். கத்தி வைக்கறதுக்கு அப்பன் கையெழுத்து வேணும். எங்கே இருக்கார்?"

"ரெண்டு வீதி தள்ளிப் பனியன் கம்பெனிங்க."

"ஓடு. நான் எல்லாம் தயாரா வெக்கிறேன். நேரம் இல்லை, ஓடும்மா."

ஓடினேன். செருப்பு எங்கே போயிற்றோ தெரியாது. கேட்டில் போய் நின்றால் மேஜை இருக்கிறது, ஹாஜர்ப் புத்தகம் இருக்கிறது, டைம்கீப்பர் இல்லை. கம்பெனி வேலையாகக் கோயமுத்தூர் போய்விட்டாராம். முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்த வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தெக்கத்திக்காரர்.

"எங்க ஊட்டுக்காரரைக் கூப்பிடுங்க! கொழந்தைக்கு மூச்சு நிக்குதுங்க!"

அவர் பதறி எழுந்துவிட்டார். நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. "யாரும்மா உன் வீட்டுக்காரர்? பேரச் சொல்லு."

எனக்கு வாய் வரவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பிள்ளை சாகக் கிடக்கிறது, பெயரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று ஊட்டி வளர்த்த நாக்கு. பிள்ளையைக் காப்பாற்றப் போய்ப் புருஷனைக் காவு கொடுக்கவா?

"மலை மேல ஆண்டியா நிக்கிற சாமி பேருங்க."

"அந்தப் பேருல உள்ள ஒம்பது பேரு கெடக்கானாமே! எவனன்னு கூப்பிடுதது?"

அப்போதுதான் உறைத்தது. தாலியையும் நாக்கையும் பணயம் வைத்து அந்தப் பெயரைச் சொன்னாலும் பிரயோஜனமில்லை. தந்தி வந்த அன்றைக்கு நடந்ததேதான் நடக்கும். வேறொருவன் ஓடி வருவான். அவனைப் பார்த்து நான் இல்லை என்பேன். இன்னொருவன் வருவான். அங்கே சரசுவின் மூச்சு எத்தனை பேருக்குக் காத்திருக்கும்?

எட்டு மாதமாகத் தினமும் மத்தியானம் காதில் விழுந்த குரல் அந்த நேரத்தில் எனக்குள் கேட்டது.

"பெலிக்ஸ்" என்றேன். "பெலிக்ஸைக் கூப்பிடுங்க."

வாட்ச்மேன் ஷெட் வாசலுக்கு ஓடி, கையைக் குவித்து இரண்டு தடவை கத்தினார். மெஷின் இரைச்சலில் அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பி வந்து, "யாரும் ஏன்னு கேக்கலையேம்மா" என்றார். கேட்டிருந்தாலும் என் வீட்டுக்காரர் திரும்பியிருக்க மாட்டார். அந்தப் பெயருக்குத் திரும்புவதில்லை என்று சபதம் போட்ட மனுஷன் ஆயிற்றே!

நிட்டிங் ஷெட்டுக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. நான் போனேன். வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு போனேன். மேலே பெல்ட்டுகள் ஓட, வரிசை வரிசையாக மெஷின்கள் சுற்ற, காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. எங்கே பார்த்தாலும் பனியன் போட்ட முதுகுகள். எது என் வீட்டு முதுகு என்று தெரியவில்லை.

"பெலிக்ஸ்!"

ஒரு முதுகும் அசையவில்லை. வாசலோரத்து மெஷினில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த கிரகரிதான் திடுக்கிட்டு விழித்தான். தலைவிரி கோலமாக நின்ற என்னைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, ஒரே எட்டில் பாய்ந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான். புண்ணியவான்! நூறு வருஷம் தூங்கட்டும் அவன்.

பெல்ட்டெல்லாம் துவண்டு நின்றது. ஷெட் முழுக்க நிசப்தம்.

"பெலிக்ஸ்! பெலிக்ஸ்!"

கடைசி வரிசையில் குனிந்து ஊசி மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து திரும்பினார். டைம்கீப்பர் வைத்த பெயருக்குத் திரும்பினாரா, என் குரலுக்குத் திரும்பினாரா, அவரைத்தான் கேட்க வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' மட்டும்தான். திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். மெஷின்களுக்கு நடுவே ஓடி வந்தார். இரண்டு பேரும் ஓடினோம்.

கையெழுத்துப் போட்டார். கதவு மூடியது. மாமியார் போசியை மடியில் வைத்துக்கொண்டு, மலைச் சாமியை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் சுவரில் நெற்றியை முட்டி நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். முகத்தில் வியர்வை, உதட்டில் லேசாகச் சிரிப்பு.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க. மூச்சு நல்லா ஓடுது. ஒரு வாரம் இருக்கட்டும், பயம் இல்லை."

அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் கால் கிழிந்து ரத்தம் வருவது தெரிந்தது. சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கூடவே வெட்கமில்லாமல் பசியும் வந்தது. சரசுவைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் சின்னக் குழாய். அதன் வழியாக உஸ் உஸ்ஸென்று காற்று போய் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை விட நல்ல சத்தம் நான் இதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரத்தில் டைம்கீப்பர் வந்தார். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி, கேட்டில் விஷயம் கேட்டு, அப்படியே ஓடி வந்திருக்கிறார். ஒரு சாக்ஸ் கணுக்காலுக்கு இறங்கிக் கிடந்தது. உள்ளே வரவில்லை. அன்றைக்கு வேப்பமரத்தடியில் நின்ற மாதிரியே வராந்தாத் தூணுக்கு அப்பால் நின்றார். மாமியாரைப் பார்க்கப் பயந்து என்னைப் பார்த்தார். கொழந்தை எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. பாவம், அவருக்கு முதலில் வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அம்மிணி, இன்னைக்கு ஆளு... சரியான ஆளுதானுங்க வந்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் மாமியார் எழுந்தார். அவர் தூண் வரைக்கும் போய், அந்த மனுஷன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"ஆளு மாறலீங்க. என்ற மகன்தான் வந்தான். பேத்தி பொழைச்சுக்கிட்டா."

டைம்கீப்பருக்கு வாய் கோணிக்கொண்டது. பெரிய மனுஷர், கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிக்காதீங்க சாமி, உக்காருங்க. அன்னைக்குத் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டேன். ஏ அம்மிணி, அந்தப் போசியைக் கொண்டா."

காலையில் கட்டிய சோறு. தயிர் விட்டுப் பிசைந்ததால் கெடவில்லை. போசிக் காதில் முந்தின நாள் நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை காய்ச்சலில் அதை நறுக்க யாருக்கும் நினைவில்லை. டைம்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து, நாடாவை ஒரு தடவை விரலால் நீவிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. பெலிக்ஸும் என் வீட்டுக்காரர் பெயர்தானே? நான் சொல்லிவிட்டேனே, அதுவும் ஊரைக் கூட்டி! மெதுவாக மாமியாரிடம் கேட்டேன்.

"அட போ புள்ள! தாய் தகப்பன் வெச்சதுதான் பேரு. இது கம்பெனி வெச்சது. சம்பளத்தோட சேர்த்தி. நீ ஆயிரம் தடவை கூப்பிடு, ஒண்ணும் ஆகாது."

கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் விட்டேனா? பெலிக்ஸ், தண்ணி எடுத்து வாங்க. பெலிக்ஸ், பிள்ளையைப் புடிங்க. லைன் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் என் மேல் பொறாமை. மெஷின் சத்தத்தில் வேலை செய்தே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. மற்றவர்கள் கூப்பிட்டால் நாலு தடவைக்கு ஒருமுறை திரும்புவார். நான் அந்தப் பெயரைச் சொன்னால் இப்போதும் ஒரே கூப்பிடுதான்.

சரசுவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். அன்றைக்குக் காலையில் நடந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற ஆளில்லை. மதியம் நான் சோறு கொண்டு போனபோது கேட்டில் கிரகரிதான் ஓடி வந்து சொன்னான்.

டைம்கீப்பர் வழக்கம் போல் ஹாஜர் எடுத்திருக்கிறார். ஜார்ஜ், இருக்கேனுங்க. கிரகரி, இருக்கேனுங்க. பெலிக்ஸ் என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வராது என்கிற பழக்கத்தில் அவரே குறிக்கப் பென்சிலை வைத்திருக்கிறார்.

"இருக்கேனுங்க."

பென்சில் அப்படியே நின்றுவிட்டதாம். டைம்கீப்பர் தலை நிமிரவில்லையாம். வரிசையில் அடுத்த பெயர் அலெக்சாண்டர். அதைக் கூப்பிடாமல், காது கேட்காதவர் மாதிரி, திரும்பவும் அதே வரியில் விரலை வைத்து, குரல் கரகரக்க இன்னொரு தடவை கூப்பிட்டாராம்.

"பெலிக்ஸ்?"

"இங்கதானுங்க இருக்கேன்" என்றாராம் என் வீட்டுக்காரர்.